டெல்டாவுலேர்ந்து அட்வென்ச்சர் ரேஸுக்கு: நாலு பேர் டீமா முதல் தடவை இறங்குறவங்களுக்கு

மலையே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு அட்வென்ச்சர் ரேஸுக்கு எப்படிங்க ரெடியாவுறதுன்னு கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துலேர்ந்து நெறைய பேர் கேக்குறாங்க, தனித்தனியா சொல்லிச் சொல்லி பாத்துட்டு இப்ப மொத்தமா உக்காந்து எழுதிடுறேன். நான் பொறந்து வளந்ததெல்லாம் குடமுருட்டிக் கரை, சில வருஷமா டீமோட ஓடிக்கிட்டிருக்கேன். மலை இல்லாதது குறைதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் பாத்த வரைக்கும் புது டீம் பாதியில நின்னு போறது மலை ஏற முடியாம இல்ல, வெயில் தாங்காம, ஈரத்துல கால் வெந்து, வழி தவறி, கூட வந்த ஆளோட பேச்சு வார்த்தை நின்னு போயித்தான். இந்த நாலையும் பழகிக்க நம்ம டெல்டா மாதிரி ஒரு மைதானம் கெடைக்காது, அதை முழுசா நம்பித்தான் இதை எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். ஓட்டமும் நடையும், மவுண்டன் சைக்கிள், கயாக்கோ ராஃப்ட்டோ வெச்சு துடுப்பு போடுறது, இது மூணும் ஒரே ரேஸ்ல வரும், நடுவுல கயிறு கட்டி இறங்குறதும் வரலாம். ரோட்டுல அம்புக்குறி போட்டு வெச்சிருக்க மாட்டாங்க. கையில ஒரு மேப் குடுப்பாங்க, அதுல செக்பாயின்ட்டுக்கெல்லாம் வட்டம் போட்டிருக்கும், ஒவ்வொண்ணா தேடிப் போயி கார்டுல பஞ்ச் பண்ணிட்டு வரணும். பெரும்பாலான ரேஸ்ல ஜி.பி.எஸ். கூடாது, போனை சீல் வெச்சு பையில போட்டுடுவாங்க, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் பிரிக்கணும். டீம் ரெண்டு பேரு, மூணு பேரு, நாலு பேருன்னு ரேஸுக்கு ரேஸ் மாறும், பெரிய ரேஸ்ல எல்லாம் நாலு பேர்ல ஆணும் பொண்ணும் கலந்து இருந்தே ஆகணும். 1989ல நியூசிலாந்துல நடந்த ரெய்டு கோல்வாஸ்தான் இந்த விளையாட்டை உலகம் கவனிக்க வெச்சது. 2019ல ஃபிஜியில 66 டீம் இறங்கின ஈகோ சேலஞ்ச்ல நம்ம நாட்டு டீமும் ஒண்ணு இருந்துச்சு, எவரெஸ்ட் ஏறின ரெட்டைச் சகோதரிகள் தாஷி மாலிக், நுங்ஷி மாலிக் அதுல இருந்தாங்க. அது பல நாள் ராத்திரி பகலா ஓடுற ரேஸ், நமக்கு இப்ப அது வேணாம். முதல் தடவை நாலுலேர்ந்து ஆறு மணி நேரத்துல முடியுற ஸ்பிரின்ட் ரேஸ் தேடுங்க, அது முடிச்சப்புறம் 12 மணி, அப்புறம் 24 மணி. புனே பக்கம் சஹ்யாத்ரி மலையில மூணு பேர் டீமா போற என்டூரோ3 இந்த வட்டாரத்துல பேர் பெற்ற ரேஸ், அதை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஒரு ஸ்பிரின்ட் ரேஸை மனசுல வெச்சுக்கிட்டு அந்தத் தேதியிலேர்ந்து பின்னாடி நாலு மாசம் எண்ணி ஆரம்பிங்க.

முதல்ல ஆள் சேக்கணும்

ஊர்லயே வேகமா ஓடுறவனைத் தேடாதீங்க. டீமோட வேகம்னா கடைசியா வர்ற ஆளோட வேகம்தான், ஏன்னா நாலு பேரும் எப்பவும் ஒண்ணாவே இருக்கணும், 50 மீட்டர் 100 மீட்டருக்கு மேல பிரிஞ்சா பெனால்டி, நாலுல ஒருத்தர் கழண்டுக்கிட்டா அந்த டீமுக்கு ரேங்க்கே கெடையாது. அதனால வேகம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கிற ஆளுங்க, அதைவிட முக்கியமா பசி தூக்கம் வந்தா மூஞ்சிய தூக்கி வெச்சுக்காத ஆளுங்க. எங்க டீம்ல நான், என் மச்சான், கபடி ஆடுற ஒரு தங்கச்சி, பேங்க்ல வேலை பாக்குற ஒரு அக்கா. மச்சான்தான் எங்கள்ல ஓட்டத்துல பெரிய ஆளு, அக்காதான் மெதுவு. ஆனா விடிகாலை மூணு மணிக்கு மேப்ப பாத்து தப்பில்லாம வழி சொல்றது அக்காதான், அவங்க இல்லாம நாங்க ஒரு ரேஸும் முடிச்சிருக்க மாட்டோம்.

ஆள் சேந்ததும் ஒரு நாள் முழுக்க ஒண்ணா நடங்க, ஓட வேணாம். சுவாமிமலையில ஆரம்பிச்சு காவிரிக் கரையோட மேற்க 25 கிலோமீட்டர், வெயில்ல, பையில ஆளுக்கு அஞ்சு கிலோ வெச்சுக்கிட்டு. சாயங்காலம் நாலு மணிக்கு யாரு எப்படி பேசுறாங்கன்னு பாருங்க, அதுல தெரிஞ்சுடும்.

அப்புறம் உதவி செய்யறதை ஒரு பயிற்சியாவே பழகணும். ஒருத்தர் பின்தங்குறாருன்னா மொதல்ல அவர் பையிலேர்ந்து தண்ணியை எடுத்து மத்தவங்க வெச்சுக்கணும், அப்பவும் முடியலன்னா பையையே வாங்கிக்கணும், அப்பவும் முடியலன்னா கயிறு. கயிறுன்னா ரெண்டு மீட்டர் எலாஸ்டிக் கயிறு, ரெண்டு முனையிலயும் ஒரு கொக்கி. முன்னாடி போறவர் பையோட கீழ்ப்பட்டியில ஒண்ணு, பின்னாடி வர்றவர் இடுப்புப் பட்டையில ஒண்ணு. பின்னாடி வர்றவர் சாஞ்சு தொங்கக் கூடாது, தன் காலாலயே ஓடணும், கயிறு லேசா விறைப்பா இருந்தா போதும், அந்த லேசான இழுப்பே ஒரு மணி நேரத்துல எவ்வளவோ தூரம் குடுக்கும். கடையில வாங்க முடியலன்னா பழைய சைக்கிள் டியூபை நீளமா வெட்டி பின்னிக்கலாம், நாங்க ரெண்டு ரேஸ் அப்படித்தான் ஓடினோம். சைக்கிள்லயும் இதே மாதிரி சீட்டுக் கம்பத்துலேர்ந்து கட்டலாம், ஆனா அவுக்குறதுக்கு ஒரு இழுப்புல வர்ற மாதிரி இருக்கணும், இல்லன்னா ஒருத்தர் விழுந்தா ரெண்டு பேரும் விழுவாங்க.

முடியலன்னு சொல்ல கூச்சப்படுறதுதான் நம்ம ஆளுங்க கிட்ட நான் பாத்த பெரிய பிரச்சனை. என் முதல் ரேஸ்ல குதிகால்ல சூடா ஒரு உறுத்தல் வந்துச்சு, ஷூ கழட்டி டேப் போட்டா அஞ்சு நிமிஷம், கேப்டனா இருந்துக்கிட்டு நானே நிக்கச் சொன்னா எப்படின்னு ஒரு மணி நேரம் வாயைத் திறக்கல, அப்புறம் தோலு உரிஞ்சு ஷூவுக்குள்ள ரத்தம், மிச்ச ரேஸ் முழுக்க நாலு பேரும் என் வேகத்துக்கு நடந்தே வந்தாங்க. அன்னிலேர்ந்து எங்க டீம்ல அரை மணிக்கு ஒரு தடவை வாட்ச்ல அலாரம் அடிக்கும், அடிச்சதும் சாப்டியா, குடிச்சியா, ஒண்ணுக்கு போனியா, கால் எப்படி இருக்குன்னு நாலு கேள்வி, ஒவ்வொருத்தரும் வாயைத் திறந்து பதில் சொல்லியே ஆகணும். சும்மா தலையாட்டுற ஆளுக்குத்தான் எதோ ஆயிருக்கும்.

மேப் படிக்கப் பழகுறது

இதுக்குத்தான் நெறைய நேரம் குடுக்கணும். மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடுற டீம் தப்பு வழியில அரை மணி ஓடினா திரும்பி வர அரை மணி, ஆக ஒரு மணி போச்சு, எந்தக் காலும் அதை ஈடு கட்டாது.

சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 ஓப்பன் சீரிஸ் மேப்பை அவங்க இணையதளத்துலயே பதிவு பண்ணிட்டு இலவசமா இறக்கலாம். அதுல ஒரு சென்டிமீட்டர்னா தரையில 500 மீட்டர். பெரிய தாள்ல கலர்ல பிரின்ட் எடுத்து கண்ணாடிக் கவர்ல போட்டுக்குங்க. மலை நாட்டுக்காரங்க உயரக் கோடுங்களைப் பாத்து வழி கண்டுபிடிப்பாங்க, நம்ம மேப்ல அந்தக் கோடு இருக்காது, ஏன்னா ஏத்தம் இறக்கமே இல்ல. நமக்கு நீலக் கோடுதான் எல்லாம். ஆறு, வாய்க்கால், மதகு, பாலம், குளம். இதுல ஒரு நல்ல விஷயம், ரோடு மாறும் வீடு மாறும், வாய்க்கால் அவ்வளவு சுலபமா இடம் மாறாது.

முதல் பாடத்துக்கு தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு போற ரோடு. 13 கிலோமீட்டர்தான், அதுக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு வரிசையா அஞ்சு ஆறு குறுக்க வரும். மேப்பை கையில வெச்சுக்கிட்டு நடந்து போங்க, ஒவ்வொரு பாலத்துலயும் நின்னு மேப்ல விரல் வெச்சு இதுதான்னு நாலு பேரும் ஒத்துக்கிட்டுத்தான் நகரணும். போகப் போக ஒண்ணு புரியும், இந்த ஆறெல்லாம் பொதுவா மேற்கேர்ந்து கிழக்க ஓடுறதால எந்த ஆத்தைத் தாண்டிட்டோம்னு தெரிஞ்சா வடக்கு தெற்குல நாம எங்க இருக்கோம்னு தெரிஞ்சுடும், தண்ணி ஓடுற திசையைப் பாத்தா கிழக்கு தெரிஞ்சுடும். இதை கண்ணை மூடிக்கிட்டு நம்பிடாதீங்க, கல்லணைக் கால்வாய்ங்கிற புதாறு தெக்கால திரும்பும், மன்னார்குடிக்கு கீழ ஆறுங்க முத்துப்பேட்டை கடலைப் பாத்து தெக்க இறங்கும், சின்னக் கிளை வாய்க்கால் நாலா பக்கமும் போகும். அதுக்குத்தான் காம்பஸ். நம்ம பக்கம் காம்பஸ் ஊசிக்கும் மேப்போட வடக்குக்கும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், ஆரம்பத்துல அதை விட்டுடலாம்.

அடுத்து அடி எண்ணுறது. ஹைவேஸ்ல ஒரு கிலோமீட்டர் கல்லுலேர்ந்து அடுத்த கல்லு வரைக்கும் நடந்து, இடது கால் எத்தனை தடவை ஊனுதுன்னு எண்ணி பத்தால வகுத்தா உங்களோட 100 மீட்டர் கணக்கு கெடைக்கும். எனக்கு ரோட்டுல 64, வரப்புல 75, சேத்துல எண்ணிக்கையே ஏறிக்கிட்டு போகும். ஆளாளுக்கு மாறும், அதனால நாலு பேர்ல ரெண்டு பேராவது தனித்தனியா எண்ணணும், சத்தமா எண்ணாம மனசுக்குள்ள.

அப்புறம் நான் குறி தள்ளி வைக்கிறதுன்னு சொல்ற ஒரு வித்தை இருக்கு, ராத்திரியில இதான் காப்பாத்தும். ஒரு தடவை தை மாச அமாவாசை ராத்திரி அறுவடை முடிஞ்ச வயல்ல பயிற்சி, வடக்கேர்ந்து தெக்க ஒரு கிலோமீட்டர் போயி ஒரு வாய்க்கால் மதகைப் பிடிக்கணும். நேரா மதகையே குறி வெச்சு போனோம். வாய்க்கால் வந்துச்சு, மதகு இல்ல. டார்ச் அடிச்சா ரெண்டு பக்கமும் ஒரே கோரையும் இருட்டும், இடது பக்கம் இருக்கா வலது பக்கம் இருக்கான்னு மச்சானும் நானும் ஆளுக்கொண்ணு சொல்லி நிக்கிறோம். மறு வாரம் அக்கா சொன்ன மாதிரி வேணும்னே மதகுக்கு மேற்க 100 மீட்டர் தள்ளி குறி வெச்சுக்கிட்டு போனோம், வாய்க்காலைத் தொட்டதும் யோசனையே இல்ல, தண்ணி போற பக்கமா கிழக்க திரும்பி நடந்தோம், ரெண்டு நிமிஷத்துல தண்ணி சலசலக்குற சத்தம் கேட்டுச்சு, மதகுக் கட்டைச் சுவரு டார்ச்சுல வெள்ளையா தெரிஞ்சுச்சு.

வயல்ல இறங்குறதைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். அறுத்து முடிஞ்ச தாள் மட்டும்தானே கெடக்குன்னு குறுக்க ஓடாதீங்க. சம்பா அறுவடைக்கு வாரம் பத்து நாள் முன்னாடியே நிக்கிற பயிருக்குள்ள உளுந்தோ பயறோ தெளிச்சிருப்பாங்க, தாளுக்கு நடுவுல குனிஞ்சு பாத்தாதான் ரெண்டு எலை விட்ட முளை தெரியும், நம்ம ஷூ ஒரு மிதி மிதிச்சா போச்சு. பயிற்சிக்குப் போறதுக்கு முன்னாடி அங்க இருக்கிறவங்க கிட்ட "அண்ணே, இந்த வரப்புல போயிக்கலாமா, எந்தக் கொல்லையில தெளிச்சிருக்கு"ன்னு கேட்டுடுங்க. கேட்டா யாரும் வேணாம்னு சொன்னதில்ல, மதகு எங்க இருக்கு, எந்த வரப்பு உடைஞ்சிருக்கு, எங்க பாம்புப் புத்து இருக்குன்னு அவங்களே சொல்லிடுவாங்க.

பாம்புன்னதும் சொல்லிடுறேன், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன் மூணும் நம்ம வயக்காட்டுல உண்டு. ராத்திரி வெளிச்சம் இல்லாம ஒரு அடி வைக்காதீங்க, முழங்காலுக்குக் கீழ கெயிட்டர், அதாவது ஷூவுக்கு மேல காலைச் சுத்தி மாட்டுற உறை, போடுங்க, முன்னாடி போறவர் கையில ஒரு கம்பு. கடிச்சா கீறி விடுறது, இறுக்கிக் கட்டுறது எதுவும் கூடாது, கடிபட்ட ஆளை நடக்க விடாம, காலை அசைக்காம, 108க்கு அடிச்சு விஷமுறிவு ஊசி இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் நேரா போகணும்.

எந்த மாசத்துல எதைப் பழகலாம்

நம்ம ஊர் காலண்டரே தண்ணிதான். வழக்கமா மேட்டூர் ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவாங்க, வருஷத்துக்கு வருஷம் முன்ன பின்ன ஆகும். பிப்ரவரிலேர்ந்து மே வரைக்கும் ஆத்துல மணல்தான், அந்த மணல்ல ஓடுறதுதான் நம்ம மலை ஏத்தம். காலையில அஞ்சரைக்கு ஆத்து மணல்ல 40 நிமிஷம், முதல்ல மெதுவா, கெண்டைக்கால் பழகினப்புறம் பையோட. வாரத்துக்கு மூணு ஓட்டம் போதும், ஒண்ணு மணல்ல, ஒண்ணு கரையில, ஒண்ணு நீளமா. ஓட்டம் இல்லாத ரெண்டு நாள் படிக்கட்டு. எந்த ஊர்லயும் ஆழமான படித்துறை ஒண்ணு இருக்கும், பையில எட்டு கிலோ அரிசி வெச்சுக்கிட்டு 20 நிமிஷம் ஏறி இறங்குங்க, இறங்கறதை மெதுவா பண்ணுங்க, மலையில முட்டியை உடைக்கிறது இறக்கம்தான். மாசத்துக்கு ஒரு தடவை நிஜ மலைக்குப் போயே ஆகணும், துறையூர் தாண்டி பச்சைமலை கிட்ட, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா 70 கொண்டை ஊசி வளைவோட கொல்லிமலை.

சைக்கிளுக்கு நமக்கு காத்து இருக்கு. ஆனி ஆடியில மேற்கேர்ந்து அடிக்கிற காத்துல திருவாரூர்லேர்ந்து தஞ்சாவூரைப் பாத்து மிதிச்சுப் பாருங்க, மலை ஏறுற அதே பாடு. நாலு பேரும் ஒரே வரிசையில ஒட்டி வந்து, முன்னாடி இருக்கிறவர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பின்னாடி போகணும், முன்னாடி ஆள் பள்ளம், மாடு, நாய்னு குரல் குடுத்துக்கிட்டே இருக்கணும், இது தானா வர்ற வரைக்கும் பழகுங்க. ஆடாக்ஸ்ங்கிற சைக்கிள் அமைப்பு நடத்துற 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம்., அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கிற நெடுந்தூர சைக்கிள் பயணம், ஒண்ணு போயிட்டு வந்தா ரொம்ப நல்லது, 13 மணி 30 நிமிஷம் டைம், ஒரு நாள் முழுக்க சைக்கிள் மேல சாப்டு குடிச்சு பழகிடும். கொள்ளிடக் கரையில, வேதாரண்யம் உப்பளப் பக்கம் போனா சீமைக்கருவை முள்ளு டயரை விடாது, அதனால டியூப்லெஸ் பண்ணி, ஓட்டையைத் தானா அடைக்கிற சீலன்ட் ஊத்திடுங்க, இல்லன்னா ஆளுக்கு ரெண்டு டியூப். நாலு பேருமே இருட்டுல பஞ்சர் போடத் தெரிஞ்சிருக்கணும், ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்ங்கிற பேச்சே வேணாம்.

மழைக்காலத்துல, அதாவது ஐப்பசி கார்த்திகையில, கால் பாடம். ரேஸ்ல ஆறு மணி நேரம் கால் ஈரமாவே இருக்கும். நம்ம ஊர் நடவு நடுற அம்மாக்களுக்கு சேத்துப்புண் வருதுல்ல, விரலுக்கு நடுவுல வெள்ளையா வெந்து பொளந்து, அதேதான் ரேஸ்ல நமக்கும் வரும். தண்ணி உள்ள போகாதுன்னு சொல்லி விக்கிற வாட்டர்ப்ரூஃப் ஷூ வாங்கவே வாங்காதீங்க, முழங்கால் தண்ணியில இறங்கினதும் மேல வழியா உள்ள போற தண்ணி அப்புறம் வெளிய வராது. வலை மாதிரி துணி இருக்கிற ஷூ, இறங்கி ஏறினதும் பத்து அடியில தண்ணி வடிஞ்சுடணும். முதல் நாளே நகத்தை ஒட்ட வெட்டி, காலையில விரல் இடுக்கு, குதிகால், தொடை இடுக்குன்னு எல்லா எடத்துலயும் வாசலின் தடவுங்க. ட்ரான்சிஷன்ல, அதாவது ஓட்டத்துலேர்ந்து சைக்கிளுக்கோ படகுக்கோ மாறுற எடத்துல, சாக்ஸ் மாத்தும்போது காலைத் துடைச்சு ரெண்டு நிமிஷம் காத்துல வைங்க. களிமண்ணு ஷூவுக்கு அடியில அப்பிக்கிட்டு ஷூவே ரெண்டு மடங்கு கனம் ஆயிடும், அதை அப்பப்ப மதகுக் கல்லுல தட்டிட்டுப் போங்க, அதைத் தூக்கிக்கிட்டு பத்து கிலோமீட்டர் நடக்காதீங்க.

தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி

மொதல்ல நீச்சல். துணியோட, ஷூவோட 50 மீட்டர் நீந்தத் தெரியாதவங்க துடுப்பைத் தொடக்கூடாது, லைஃப் ஜாக்கெட் இருந்தாலும். ஜாக்கெட்டை சும்மா தோள்ல மாட்டாம எல்லா கிளிப்பும் போட்டு, வேற ஒருத்தர் ரெண்டு தோளையும் புடிச்சு மேல தூக்கிப் பாக்கணும், காதுக்கு மேல ஏறிச்சுன்னா அது உங்க சைஸ் இல்ல.

நம்ம ஆத்துல எல்லாத்தையும் விட ஆபத்து ஷட்டரும் தடுப்பணையும்தான். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. அணை மேலேர்ந்து விழுற தண்ணி அடியில போயி, கொஞ்ச தூரத்துல மேல எழும்பி, மேல் தண்ணியா மறுபடியும் அணையைப் பாத்தே திரும்பி வரும். வெளியிலேர்ந்து பாத்தா நுரை சுத்துற மாதிரி சாதாரணமா இருக்கும், உயரமும் நாலடிதான் இருக்கும், உள்ள மாட்டின ஆளையும் படகையும் அது வெளிய விடாது, லைஃப் ஜாக்கெட்டோட கூட விடாது, காப்பாத்தக் குதிச்ச ஆளும் சேந்து போன கதை நம்ம ஆத்தோரத்துல எத்தனையோ உண்டு. மேல்பக்கமும் அப்படித்தான், திறந்திருக்கிற ஷட்டர் படகை உள்ள இழுத்து அமுக்கிடும். மேப்ல ரெகுலேட்டர், அதாவது ஷட்டர் வெச்ச அணை, எங்கெங்க இருக்குன்னு முன்னாடியே சிவப்பு மையில குறிச்சு, 200 மீட்டர் முன்னாடியே கரை ஒதுங்கி, படகைத் தூக்கிக்கிட்டு நடந்து, கீழ நல்லா தள்ளிப் போயித்தான் மறுபடி இறக்கணும். படகைத் தூக்கி நடக்கிறதும் ரேஸ்ல ஒரு பகுதி, அதையும் பழகுங்க.

கொள்ளிடத்துல பயிற்சி வேணாம்னே சொல்வேன். மணல் எடுத்த பள்ளம் தெளிவா தெரியாது, இடுப்பளவுல நடந்துக்கிட்டே இருப்பீங்க, அடுத்த அடி ரெண்டு ஆள் ஆழம். அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. மேட்டூர்லேர்ந்து உபரி திறந்துவிட்டா எச்சரிக்கை வரும், அந்த வாரம் எந்த ஆத்துப் பக்கமும் போகாதீங்க.

துடுப்பு பழக ஓட்டம் இல்லாத தண்ணிதான் நல்லது. பிச்சாவரத்துல துடுப்புப் படகு ஓடுது, அங்க போய் ஓட்டுறவங்க கிட்ட கேட்டே நெறைய கத்துக்கலாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஜாம்புவானோடையிலேர்ந்து படகுல போகலாம், வனத்துறை அனுமதி கண்டிப்பா வேணும், உள்ள கால்வாய்ங்க ஒண்ணைப் போலவே ஒண்ணு இருக்கும், ஊர்க்காரங்க இல்லாம போகாதீங்க. கையால மட்டும் துடுப்பு போட்டா அரை மணியில தோள் போயிடும். இடுப்பைத் திருப்பி, கால் பாதத்தை படகுல அழுத்தி, முதுகால இழுக்கணும். ரெண்டு பேர் உக்கார்ற படகுல முன்னாடி இருக்கிறவர் தாளம் போடுவார், பின்னாடி இருக்கிறவர் அந்தத் தாளத்துக்குப் போட்டுக்கிட்டே திசையைப் பாத்துப்பார். ஆரம்பத்துல வாயால ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே போடுங்க.

சாப்பாடும் தண்ணியும்

மணிக்கு 30லேர்ந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும், சுமாரா மூணு பூவன் பழம். புதுசா ஒண்ணும் வாங்க வேணாம், எங்க டீம் ரேஸ் ஓடுறதே புளியோதரை, கடலை மிட்டாய், உப்பு போட்டு அவிச்ச உருளைக்கிழங்கு, பேரீச்சம்பழத்துலதான். புளிசாதத்தை சின்னச் சின்ன உருண்டையா புடிச்சு கவர்ல போட்டுக்கிட்டா ஓடிக்கிட்டே சாப்பிடலாம், கெட்டும் போகாது.

தண்ணி மட்டும் குடம் குடமா குடிச்சா உடம்புல உப்பு நீர்த்துப் போயி தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், அது உயிருக்கே ஆபத்து. இளநி நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம்தான் ஜாஸ்தி, வேர்வையில போற சோடியம் கம்மி, அதனால அதுல ஒரு சிட்டிகை உப்பு சேருங்க. உப்பு போட்ட நீர்மோர் ரொம்ப நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எவ்வளவு குடிக்கணும்னு கண்டுபிடிக்க பயிற்சிக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போடுங்க, ஒரு கிலோ கொறைஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போயிருக்கு, எடை ஏறியிருந்தா அளவுக்கு மேல குடிச்சிருக்கீங்க. சித்திரை வெயில்ல 11 மணிக்கு மேல பயிற்சி வேணாம். ஒருத்தர் சம்பந்தமில்லாம பேச ஆரம்பிச்சா, தள்ளாடினா, அப்பவே ரேஸை நிறுத்தி நிழல்ல படுக்க வெச்சு உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறுங்க, ஊத்திக்கிட்டே 108க்கு போன் பண்ணுங்க.

ரேஸ் அன்னிக்கு

கட்டாயப் பொருள் லிஸ்ட் குடுப்பாங்க, அதுல ஒண்ணு கொறைஞ்சாலும் பெனால்டி. விசில், ஹெட்லைட், மாத்து பேட்டரி, முதலுதவி டப்பா, வெள்ளித்தாள் மாதிரி இருக்கிற எமர்ஜென்சி போர்வை, ஹெல்மெட், இதெல்லாம் எல்லா ரேஸ்லயும் கேப்பாங்க. மேப் கைக்கு வந்ததும் ஓடிடாதீங்க. அக்கா மேப்ல வழியை ஹைலைட்டர்ல போடுவாங்க, தங்கச்சி தூரத்தை அளந்து ஓரத்துல எழுதும், நான் விதிமுறைத் தாளை சத்தமா படிப்பேன், மச்சான் அதுக்குள்ள பாட்டில் எல்லாம் ரொப்பிடுவான். இந்த 15 நிமிஷம் நின்னு பண்ணினா மூணு மணி நேரம் மிச்சம்.

முதல் ஒரு மணி நேரம் மத்த டீமெல்லாம் பறந்து போகும், போகட்டும். பேசிக்கிட்டே ஓட முடியற வேகத்துல போங்க. மேப் பாக்குறதுக்கு ஒருத்தர், கூடவே சரி பாக்குறதுக்கு ஒருத்தர், மத்த ரெண்டு பேரு மேப் பக்கமே போகாம அவங்களுக்கு ஊட்டி விடுறது, பை தூக்குறதுன்னு இருக்கணும். செக்பாயின்ட் வர வேண்டிய எடத்துல வரலன்னா பத்து நிமிஷம் தேடுங்க, அதுக்கு மேல தேடாதீங்க, நிச்சயமா தெரிஞ்ச கடைசி எடத்துக்குத் திரும்பிப் போயி அங்கேர்ந்து மறுபடி எண்ணிக்கிட்டு வாங்க. முன்னாடி போற டீம் பின்னாடியே போனா அவங்களும் தொலைஞ்சுதான் போயிருப்பாங்க, இது எங்களுக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு.

ட்ரான்சிஷன் ஏரியாவுல உக்காராதீங்க. உள்ள நுழையறதுக்கு 500 மீட்டர் முன்னாடியே யாரு என்ன பண்ணணும்னு பேசி முடிச்சுடுங்க. ஷூ, சாக்ஸ், ஹெல்மெட், சாப்பாடு, தண்ணின்னு இதே வரிசையில டப்பாவுல அடுக்கி வெச்சிருந்தா பத்து நிமிஷத்துல கிளம்பிடலாம், நாற்காலி போட்டு உக்காந்த டீம் அரை மணிக்கு முன்னாடி எழுந்து நான் பாத்ததில்ல.

ரேஸ் முடிஞ்சு ரெண்டு வாரம்

இதை யாரும் சொல்றதில்ல. 2000ல மலேசியாவோட சபாவுல நடந்த ஈகோ சேலஞ்ச் ரேஸ்ல ஆத்துத் தண்ணியில நீந்தின வீரர்கள் நெறைய பேருக்கு ஊருக்குப் போனப்புறம் எலிக்காய்ச்சல் வந்துச்சு, லெப்டோஸ்பைரோசிஸ். எலி மூத்திரம் கலந்த தண்ணி தோல்ல இருக்கிற சிராய்ப்பு வழியா, கண்ணு மூக்கு வழியா உள்ள போயி வர்றது. நம்ம வயல்ல எலி எவ்வளவுன்னு நான் சொல்ல வேணாம், மழைக்காலப் பயிற்சிக்கும் இது பொருந்தும். சிராய்ப்பு இருந்தா தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி வாட்டர்ப்ரூஃப் டேப் ஒட்டுங்க, ஆத்துத் தண்ணியை விழுங்காதீங்க, ஏறினதும் சோப்புப் போட்டு குளிங்க. அதிக ரிஸ்க்னா முன்கூட்டியே எடுக்க மாத்திரை உண்டு, அதை டாக்டர் கிட்ட கேட்டுத்தான் எடுக்கணும்.

ரேஸ் முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு சிவப்பு வந்துச்சுன்னா சாதாரண காய்ச்சல்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு படுக்காதீங்க. டாக்டர் கிட்ட போயி முதல் வார்த்தையா "நான் இந்தத் தேதியில ஆத்துத் தண்ணியில, சேத்துல இறங்கினேன்"னு சொல்லுங்க, உங்க டீம்ல மத்த மூணு பேருக்கும் அன்னிக்கே போன் போட்டு அவங்களுக்கு எப்படி இருக்குன்னு கேளுங்க.